செண்பகம் வளர்க்க: விதை காயாமல், வேர் கலையாமல்

செண்பகம் வாங்கப் போகிறவர் முதலில் சறுக்குவது பெயரில். தமிழில் சம்பங்கி என்றால் கிழங்கு ஊன்றி வளர்க்கும் வெள்ளைப் பூச்செடி. தெலுங்கிலும் கன்னடத்திலும் சம்பங்கி, சம்பிகே என்றால் நம் செண்பக மரம். மலையாளத்தில் ஈழச்செம்பகம் என்பது கோயில் வாசலில் நிற்கும், கிளையை ஒடித்தால் பால் வடியும் மரம். அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. அதனால் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடச் செடியைப் பார்த்து வாங்குவதே மேல்.

பார்க்க வேண்டியது இளங்கிளையை. ஒவ்வோர் இலை அடியிலும் கிளையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு தழும்பு ஓடும். நுனி மொட்டை மூடியிருந்த உறை உதிர்ந்த இடம் அது. மக்னோலியா குடும்பத்தின் முத்திரை. இலை ஒரு சாண் நீளத்தில் நுனி கூராக இருக்கும், கிள்ளினால் பால் வராது. பூ கிளை நுனியில் கொத்தாக வராமல், இலைக் கக்கத்தில், அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கில், ஒவ்வொன்றாக வரும். இதழ்கள் குறுகலாக, 15 முதல் 20 வரை இருக்கும். நர்சரிச் சீட்டில் மிக்கேலியா சம்பகா என்று இருந்தாலும் மக்னோலியா சம்பகா என்று இருந்தாலும் ஒன்றுதான். முன்னது பழைய பெயர்.

வெள்ளைச் செண்பகம் வேறு கதை. அது மஞ்சள் செண்பகமும் இன்னொரு மக்னோலியாவும் கலந்து வந்த கலப்பினம், விதை பிடிப்பதே அபூர்வம். ஒட்டு அல்லது பதியம் மூலம்தான் பெருக்க முடியும். "வெள்ளைச் செண்பக விதை" என்று யாராவது பொட்டலம் நீட்டினால், முளைத்தால் மஞ்சள்தான் பூக்கும். பூக்காத கன்றில் இரண்டையும் பிரித்தறிய இலைக்காம்பின் உட்பக்கத் தழும்பைப் பாருங்கள். மஞ்சளில் பெரும்பாலும் காம்பின் பாதியைத் தாண்டி நீளும், வெள்ளையில் பாதிக்குள் நின்றுவிடும்.

விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா?

வீட்டு வாசலில் பூவுக்காக வைப்பதென்றால் ஒட்டுக்கன்று. நட்ட 2, 3 ஆண்டுகளில் பூக்கும், ஆள் உயரத்திலேயே பூ பறிக்கலாம். விதைக்கன்று பூக்க 7 முதல் 10 ஆண்டு பொறுக்க வேண்டும். பூவின் நிறமும் மணமும் தாய்மரம்போலவே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் அது நேராக, கூம்பாக எழுந்து பெருமரமாகும். தோப்பு ஓரம், கோயில் நந்தவனம், சாலையோரம் என்றால் விதைக்கன்றே சரி.

இரண்டில் எதுவானாலும் இந்த மரத்தின் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதன் சொந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளும் கிழக்கு இமயமலைப் பக்கமும். மேலே இலைமக்கு, கீழே வடியும் மண், காற்றில் ஈரம்: இதற்குப் பழகிய மரம். வேரும் அதற்கேற்பத்தான். தடிமனாக, சதைப்பற்றாக, கிளைப்பும் வேர்த்தூவியும் குறைவாக இருக்கும். இப்படிப்பட்ட வேருக்குத் தாவரவியலில் மக்னோலியாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தூவிகள் செய்ய வேண்டிய வேலையைப் பெருமளவு மண்ணிலுள்ள வேர்ப்பூஞ்சை செய்துகொடுக்கிறது. அறுந்த வேர் சட்டென்று மறுபடி கிளைக்காது. ரோஜாவைப் போல மண்ணை உதறி மாற்றி நடுகிற வேலை இங்கே செல்லாது. கீழே வரும் வழிமுறைகளில் பாதி, வேர் கலையாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியதுதான்.

விதையிலிருந்து

செண்பகக் காய் திராட்சைக் குலைபோல இருக்கும். சாம்பல் பூத்த, புள்ளி புள்ளியான சிறு காய்கள் ஒரே தண்டில் நெருங்கியிருக்கும். முற்றியதும் ஒவ்வொரு காயும் ஒரு பக்கமாக வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் சதை மூடிய விதைகள் மெல்லிய நூலில் தொங்குவதைப் பார்க்கலாம். குலையில் ஓரிரு காய் வெடித்தவுடன் முழுக் குலையையும் நறுக்கி எடுத்து, நிழலில் காகிதத்தின்மேல் பரப்பினால் மிச்சக் காய்கள் இரண்டு மூன்று நாளில் வெடித்துவிடும். மரத்தடியில் பொறுக்கலாம் என்று காத்திருந்தால் பறவைக்கும் எறும்புக்கும் போனது போக, காய்ந்த விதைதான் கிடைக்கும்.

காய்ந்த விதைக்கு மதிப்பில்லை. நெல், உளுந்துபோல உலர்த்திப் பத்திரப்படுத்தும் வகை இல்லை இது. சாதாரண அறை வெப்பத்தில் திறந்து வைத்தால் இரண்டு வாரத்திலேயே முளைப்புத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். கடையில் எப்போதோ அடைத்த பொட்டலத்தை வாங்கி விதைத்துவிட்டு மண்ணைத் திட்டுவதில் பயனில்லை.

அடுத்து சதையை நீக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள இந்தச் சதை முளைப்பைத் தடுக்கும், எறும்பையும் பூஞ்சையையும் கூட்டி வரும். விதைகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, சல்லடையில் போட்டு ஒரு பிடி ஆற்றுமணல் சேர்த்து உள்ளங்கையால் தேயுங்கள். செம்மஞ்சள் போய்க் கரும்பழுப்பு ஓடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிசுக்கு விடாவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டு, நாலு தண்ணீர் அலசிவிடலாம். பிறகு ஒரு குவளையில் போட்டால் மிதப்பவை பொக்கு. மூழ்கியதை மட்டும் எடுங்கள். மேலீரம் போக ஒரு மணி நேரம் நிழலில் உலர்ந்தால் போதும், வெயில் கூடாது. அன்றே விதைக்க முடியாவிட்டால், பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான தென்னைநார்க் கழிவில் கலந்து கவரில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில வாரம் வைக்கலாம். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும்.

தட்டுக்கு ஆற்றுமணல் 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு. விதையை ஒரு செ.மீ. ஆழத்தில், இரண்டு விரல் இடைவெளியில் ஊன்றி, 50 முதல் 75 சத நிழல்வலையின் கீழ் வையுங்கள். பூவாளியால் மேலாகத் தண்ணீர். எறும்பு வராமல் இருக்க, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே செங்கல் வைத்து அதன்மேல் விதைத்தட்டை வைப்பதே சுலபம். முளைப்பு ஒரு மாதத்தில் தொடங்கி மூன்று மாதம்வரை இழுக்கும், அதுவும் ஒன்றிரண்டாக. 40 நாளில் ஒன்றும் வரவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

முளைத்த நாற்று மண்மட்டத்தில் தண்டு சுருங்கிச் சாய்ந்தால் நாற்றழுகல். காரணம் பெரும்பாலும் தண்ணீர் மிகுதியும் காற்றோட்டக் குறைவும். சாய்ந்ததை மண்ணோடு நீக்கி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மிச்சத்துக்கு ஊற்றி, தண்ணீரைக் குறையுங்கள். விதைக்கும்போதே தொழுவுரத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்திருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் தாமிர மருந்து ஊற்றினால் அந்தப் பூஞ்சையும் அடிபடும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

விதையிலைக்குப் பின் இரண்டு உண்மை இலை வந்ததும், நாலு இலை தாண்டுவதற்குள் கவருக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் ஆணிவேர் தட்டின் அடியைத் தொட்டு வளைந்துவிடும். குச்சியால் அடியிலிருந்து மண்ணோடு நெம்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்கக் கூடாது. கவர் அகலத்தைவிட உயரம் முக்கியம். ஒரு சாணுக்கு மேல் உயரமுள்ள கவரில் ஆணிவேர் நேராக இறங்கும்படி குழியிட்டு வையுங்கள். தூண்டில்போல மடங்கிய வேரோடு நட்ட செடி இரண்டு மூன்று வருடம் பார்வைக்கு நன்றாக இருந்து, பிறகு காரணம் தெரியாமல் தேங்கிப்போகும். விதை நிறையக் கிடைத்தால் இந்தச் சிக்கலே வேண்டாம், கவருக்கு இரண்டு விதையாக நேரடியாக ஊன்றிவிடலாம். ஆறு மாதம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்கி, ஒரு முழம் உயரம் வந்ததும் நடுங்கள்.

ஒட்டும் பதியமும்

ஒட்டுக்கு அடிச்செடி ஒரு வயதான மஞ்சள் செண்பக விதைக்கன்று, பென்சில் பருமனில். ஒட்டுக்குச்சி, நன்றாகப் பூக்கும் மரத்தின் வெயில்பட்ட பக்கத்து நுனிக்கிளை. பூக்காத இளமரத்துக் குச்சியைக் கட்டினால் ஒட்டுக்கட்டியதன் பயனே போய்விடும். குச்சியில் இலைகளை ஒரு வாரம், பத்து நாள் முன்பே காம்பு விட்டு நறுக்கிவிடுங்கள். காம்புகள் தானாக உதிர்ந்து நுனிமொட்டு பருத்து வரும் நேரம்தான் வெட்ட வேண்டிய நேரம். மொட்டு விரிந்து இளந்தளிர் வந்துவிட்டால் அந்தக் குச்சி ஆகாது.

அடிச்செடியை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே சில இலைகள் இருக்கும்படி வெட்டி, நடுவில் 3 முதல் 4 செ.மீ. பிளவு போடுங்கள். 10 செ.மீ. குச்சியின் அடியை இருபுறமும் அதே நீளத்துக்கு ஆப்பாகச் சீவிச் செருகுங்கள். இரண்டும் ஒரே பருமனாக இல்லாவிட்டால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கப் பட்டையோடு பட்டை சேரும்படி வையுங்கள். செண்பகத்தின் வெட்டுவாய் காற்றுப்பட்டதும் பழுப்பேறும், அதனால் சீவியதும் செருகிக் கட்ட வேண்டும். பத்துக் குச்சியைச் சீவி வரிசையாக வைத்துவிட்டுக் கட்டத் தொடங்கினால் கடைசி ஐந்து பிடிக்காது. மழுங்கிய கத்தியும் அதே கெடுதலைத்தான் செய்யும். ஒட்டு நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவர் ஒன்றைத் தொப்பியாகக் கவிழ்த்து அடியில் கட்டி, நிழலில் வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் மொட்டு உடைந்தால் கவரை ஒரு மாலையில் கழற்றலாம். நாடாவை இரண்டு மூன்று மாதம் கழித்து அவிழ்க்க மறந்தால் அந்த இடத்தில் தண்டு நெரிந்து, பின்னால் காற்றில் ஒடியும்.

புதிதாகச் செய்கிறவருக்கு நெருக்கு ஒட்டு இன்னும் நம்பகமானது. கன்றைக் கவரோடு தாய்மரக் கிளைக்கு அருகே கட்டி, இரண்டிலும் 5 செ.மீ. நீளத்துக்குப் பட்டையும் சற்று மரமும் சீவி, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டுவது. ஒட்டியபின் தாய்க்கிளையைக் கட்டுக்குக் கீழேயும், கன்றின் தலையைக் கட்டுக்கு மேலேயும் இரண்டு வாரத்தில் இரண்டு தவணையாக அறுத்துப் பிரிப்பார்கள். இரண்டு பக்கமும் வேரோடு இருப்பதால் தோல்வி குறைவு. தாய்மரத்தில் கட்டிய கவருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் சள்ளை.

விண்பதியம் மழைக்காலத்தில் மட்டும் முயலுங்கள். பென்சில் பருமனுள்ள கிளையில் 3 செ.மீ. அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, வழுவழுப்பு போகும்வரை கத்தியின் பின்புறத்தால் சுரண்டி, மேல் வெட்டுவாயில் வேர் விடத் தூண்டும் ஐபிஏ பொடி தடவி, நனைத்துப் பிழிந்த பாசியை (ஸ்பாக்னம் மாஸ்) ஒரு கைப்பிடி வைத்துப் பாலித்தீனால் இரு முனையும் இறுக்குங்கள். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி பாலம் போட்டுவிடும், வேர் வராது. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் பாசிக்குள் வெள்ளை வேர் தெரியும். ஓரிரண்டு வேர் தெரிந்ததும் அவசரப்பட்டு வெட்டாமல், அவை பழுப்பேறிக் கிளைக்கும்வரை விடுங்கள். அந்த வேர்கள் முள்ளங்கிபோல மொறுமொறுப்பானவை. பாசியைப் பிரித்தெடுக்க முயன்றால் ஒவ்வொன்றாக ஒடிந்து கையோடு வரும். பாலித்தீனை மட்டும் கழற்றி, பாசியோடு தொட்டியில் வைத்து, இலையில் பாதியைக் குறைத்து ஒரு மாதம் நிழலில் வையுங்கள்.

நடவு

கன்று வாங்கும்போது கவரின் அடியைப் பாருங்கள். வேர் துளைத்து வெளியே தரைக்குள் போயிருந்தால், தூக்கும்போது அது அறுந்துதான் வரும். கவருக்குள் வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தாலும் வேண்டாம்: சுருளைப் பிரித்தால் வேர் ஒடியும், பிரிக்காவிட்டால் கழுத்தை நெரிக்கும். உயரமான கன்றைவிட அளவான கவரில் இருக்கும் இரண்டடிக் கன்றே தேவலை.

இடம் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். தினமும் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் குழி எடுத்து, நடுவதற்கு முன் அதில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக் கூடாது. ஒன்றரை அடி மேடு போட்டு மேட்டில் நட வேண்டும். மன்னார்குடியிலும் திருநாகேசுவரத்திலும் செண்பகம் தல மரமாகவே இருக்கிறது, ஆக டெல்டா மண் இதற்கு ஆகாது என்றில்லை. ஐப்பசி மழையில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் ஆகாது. சதைப்பற்றான வேர் காற்றில்லாமல் அழுகிவிடும்.

தோண்டிய மேல்மண், மணல், தொழுவுரம் சம அளவில் கலந்து, அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக் குழியை நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் வெந்துவிடும். ஆடி, ஆவணியில் நட்டால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் நாள் கவருக்குத் தண்ணீர் விட்டு மண் இறுகியபின், கவரைப் பக்கவாட்டில் கத்தியால் கீறி உரித்து, மண்கட்டி உடையாமல் இரண்டு கையிலும் ஏந்தி வையுங்கள். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் நாலு விரலாவது இருக்க வேண்டும். சுற்றிலும் மூன்று அங்குலம் இலைச்சருகு மூடாக்கு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. அந்த மூடாக்கின் கீழே மண்வெட்டி போட வேண்டாம், மேலோட்டமான வேர்கள் அங்கேதான் படரும். களையைக் கையால் பிடுங்குங்கள்.

முதல் ஆண்டு மழையில்லாத காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர், மெதுவாக இறங்கும்படி. முதல் இரண்டு கோடையிலும் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி நட்டுவைப்பது அவசியம். பிற்பகல் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இலை ஓரம் பழுப்பாகிச் சுருளும். உப்புத்தண்ணீர் ஊற்றினாலும் இதே அறிகுறிதான்; தட்டி கட்டியும் நிற்காவிட்டால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நட்டு நாலைந்து வருடம் ஆன மரத்தை இடம் மாற்றும் எண்ணமே வேண்டாம்.

இலை மஞ்சளாவதைப் படிப்பது

பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது சாதாரணம். பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராது என்று பொருளில்லை. கீழ் இலைகள் கூட்டமாக மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரில் தண்ணீர் தேக்கம். புதுத்தளிர் மட்டும் வெளிறி, நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணிலும் உவர்த்த போர்த்தண்ணீரிலும் இது சகஜம்: மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாலையில் தெளித்தால் தளிர் தேறும். நிரந்தரத் தீர்வு ஆண்டுக்கு இரண்டு தடவை 10 கிலோ தொழுவுரமும், சேமித்த மழைத்தண்ணீரும். கட்டட இடிபாடு கொட்டிய இடத்தில் நட்டிருந்தால் சிமெண்ட் காரம் விடாது. எத்தனை தெளித்தாலும் தற்காலிகம்தான்.

இலையில் கரும்பூச்சு படர்ந்தால் அதைத் துடைப்பதைவிடக் காம்பையும் இலையடியையும் பாருங்கள். செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும், எறும்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைய சோப்பு சில சொட்டு சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். கூடவே எறும்பு ஏறும் வழியைத் தடுக்காவிட்டால் வேலை வீண். பச்சைப்புழு இளந்தளிரைத் தின்றால் பெரிய மரத்தில் விட்டுவிடலாம். கரும்பின்னணியில் பச்சைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு இது உணவுமரம். சிறு கன்றில் மட்டும் கையால் எடுத்துப் போடுங்கள்.

பூக்கவில்லை என்றால்

விதைக்கன்றுக்கு வயது போதாது என்பதே பெரும்பாலான வீடுகளில் விடை. ஒட்டுக்கன்றும் மூன்று நாலு வருடமாகப் பூக்கவில்லை என்றால் முதலில் ஒட்டு முடிச்சுக்குக் கீழே பாருங்கள். அங்கிருந்து கிளம்பிய கிளை மேலேறி, மேலே இருந்த ஒட்டு பட்டுப்போயிருக்கும். நீங்கள் வளர்ப்பது இப்போது விதைக்கன்றுதான். கீழ்க்கிளை தலைகாட்டும்போதே கிள்ளியிருந்தால் தப்பியிருக்கும். முடிச்சு நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் நிழல், அதற்கடுத்து யூரியா. தழைச்சத்து கூடினால் இலை முறம்போல விரியும், பூ வராது.

கவாத்து இன்னொரு காரணம். பூ வருவது இலைக் கக்கத்தில். ஆண்டுதோறும் நுனியை மட்டமாக வெட்டிக்கொண்டே இருந்தால் பூக்க வேண்டிய கக்கங்கள் குப்பைக்குப் போகும். உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் இளம்வயதிலேயே 6, 7 அடியில் தலையைக் கிள்ளிப் பக்கக்கிளையை ஊக்குவியுங்கள். பிறகு ஒரு பூப்பருவம் முடிந்ததும் மெல்லிய கிளைகளை மட்டும் குறையுங்கள். கை பருமனுள்ள கிளையை வெட்டினால் காயம் மூட வருடக்கணக்காகும், அதற்குள் அழுகல் உள்ளே போய்விடும்.

இளம் ஒட்டுமரத்தில் காய்க்குலை பிடித்தால் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். காயை வளர்க்கும் மரம் அடுத்த பூவுக்கு வலுவில்லாமல் நிற்கும்.

பூ பறிக்கத் துறட்டி வேண்டாம். இழுத்தால் பூவோடு இளங்கிளையும் ஒடிந்து வரும், அடுத்து பூக்க இருந்த கக்கங்களும் அதிலேயே போகும். ஏணி வைத்து, பூக்காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுங்கள். மாலையில் முற்றிய மொட்டாக அல்லது விடிகாலையில் பாதி விரிந்ததாகப் பறிப்பது நல்லது. வெயில் ஏறியபின் பறித்தவை மதியத்துக்குள் துவளும். இதழைத் தொட்டு அழுத்தினால் விரல் பதிந்த இடம் சற்று நேரத்தில் பழுப்பாகும் என்பதால் கூடையில் அள்ளிக் குவிக்காமல் ஈரத்துணிமேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.